எட்டாவது அலகு

1

இந்தியாவில் கல்லில் பொறிக்கப்பட்ட மிகப் பழைய அரசாணைகளுள் ஒன்று மரம் வளர்ப்பதைப் பற்றியும் கிணறு வெட்டுவதைப் பற்றியும் பேசுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெளியிட்ட இரண்டாம் பெரும்பாறை ஆணை அது. கிர்னார், கால்சி, எர்ரகுடி முதலிய இடங்களில் அதன் படிகளை இன்றும் காணலாம். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு, மூலிகை இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுவந்து நடுதல், கிழங்கும் கனியும் தரும் செடிகளைப் பரப்புதல், வழியோரங்களில் கிணறு வெட்டி மரம் வளர்த்தல் என்று அந்த ஆணை அடுக்கிச் சொல்கிறது. தன் ஆட்சிப் பரப்புக்குள் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை வரையிலும் இவை செய்யப்பட்டதாக அது உரிமை கொண்டாடுகிறது.

இப்பட்டியலில் வரும் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் ஆய்வாளரிடையே தீராத வழக்காக இருந்தது. 1981இல் திருக்கோவலூருக்கு அருகேயுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவ்வழக்கைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரோடு சத்தியபுத்திரன் என்ற சிறப்புப் பெயரும் அதில் சேர்ந்து வருகிறது. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனாக நாம் அறிந்த அஞ்சி, அசோகரின் காலத்தவன் அல்லன். அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவன். எனினும் அவனுடைய குடிதான் மௌரியப் பேரரசின் ஆணையில் குறிப்பிடப்பட்ட குடி என்பதில் இன்று பெரிய ஐயம் இல்லை. அக்குடியின் தகடூர் நாட்டை நினைவூட்டும் ஊர்ப்பெயர்தான் அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில், பழைய கோட்டையின் எச்சங்களோடும், சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்களோடும், காலபைரவர் கோயிலோடும், இடைவிடாத லாரிப் போக்குவரத்தோடும் அவ்வூர் இருக்கிறது.

தகடூரைப் பற்றி இன்னொரு குறிப்பும் உண்டு. கரும்பை இம்மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையாரின் புறநானூற்றுப் பாடல்கள் தெரிவிக்கின்றன. ஆக, ஒரு பேரரசரின் ஆணையிலும் ஒரு புலவரின் பாட்டிலும் இந்நிலம் ஏதோ ஒன்று நடப்பட்ட நிலமாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் இவ்விரண்டு பதிவுகளிலும் ஒரு செய்தி மட்டும் இல்லை. நட்டவர் யார்? நட்டதற்கு நீர் ஊற்றியவர் யார்? ஆணை பிறப்பித்தவர் பெயர் கல்லில் நிற்கிறது. அதைத் தோளில் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. சூழல் பற்றிய பொறுப்பு இந்நாட்டில் பெரும்பாலும் மேலிருந்து சொல்லப்படுவதாகவே இருந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் சூழல் கல்வி வந்து சேர்ந்த கதையும் அதற்கு விலக்கன்று.

2

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் மனிதச் சூழல் மாநாடு நடந்தது. 1976இல் நிறைவேறிய 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம், குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்ற புதிய பகுதியைச் சேர்த்தது. காடு, ஏரி, ஆறு, வன உயிர் ஆகியவற்றைக் காப்பதும் மேம்படுத்துவதும், உயிர்களிடம் இரக்கம் கொள்வதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51அ பிரிவின் ஓர் உட்பிரிவு கூறுகிறது. இக்கடமைகள் சேர்க்கப்பட்ட காலம் நெருக்கடி நிலைக் காலம் என்பதை மறந்துவிட வேண்டியதில்லை. உரிமைகள் முடக்கப்பட்டிருந்த ஒரு பொழுதில்தான் ஏரியைக் காக்கும் கடமை நமக்கு எழுதித் தரப்பட்டது.

எழுதப்பட்ட கடமை ஏட்டிலேயே இருந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தை அணுகிய பிறகே அது வகுப்பறைக்கு வந்தது. 1991 நவம்பர் 22 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, திரையரங்குகளில் சூழல் பற்றிய படவில்லைகளைக் காட்டவும், வானொலி, தொலைக்காட்சி வழியே விழிப்புணர்வை ஊட்டவும், பள்ளி முதல் கல்லூரி வரை சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கவும் வழி செய்தது. அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பல பல்கலைக்கழகங்கள் அசையவில்லை. நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பின்னர், பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்குமான பொதுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து, 2000களின் தொடக்கத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரலாறு படிப்பவரும் வணிகவியல் படிப்பவரும் கணினி படிப்பவரும் ஒருசேரப் படிக்க வேண்டிய பாடமாகச் சுற்றுச்சூழல் கல்வி அமைந்தது அப்போதுதான்.

அப்பாடத்திட்டத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். மொத்தம் 50 விரிவுரைகள், எட்டு அலகுகள். இயற்கை வளங்கள், சூழல் அமைப்புகள், பல்லுயிர், மாசு, சமூகப் பிரச்சினைகள், மக்கள்தொகை என்று முதல் ஏழு அலகுகள் செல்கின்றன. எட்டாவது அலகின் பெயர் களப்பணி. உள்ளூரில் உள்ள ஓர் ஆறு, காடு, புல்வெளி அல்லது மலைக்குச் சென்று அங்குள்ள சூழல் வளத்தை ஆவணப்படுத்த வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்துக்குச் செல்ல வேண்டும். சாதாரணமாகக் காணும் செடி, பூச்சி, பறவைகளை அறிய வேண்டும். குளம், ஆறு, மலைச்சரிவு போன்ற எளிய சூழல் அமைப்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்கு ஒதுக்கப்பட்டது ஐந்து விரிவுரை நேரம். மதிப்பெண் 100இல் 25. மீதி 75 எழுத்துத் தேர்வுக்கு.

பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வகுத்தார்கள். களப்பணிக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் தருவது நம் கல்வி மரபில் சிறிய செயல் அன்று. ஆனால் நடைமுறை வேறு வழியில் போனது. பல கல்லூரிகளில் பாடத்தை நடத்துவதற்கென்று தனி ஆசிரியர் இல்லை. பாடவேளை குறைந்திருக்கும் எந்தத் துறை ஆசிரியரிடமும் அது தள்ளிவிடப்பட்டது. வினா விடை நூல்கள் கடைக்கு வந்தன. எட்டாவது அலகு ஒரு கையேடாக, மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் பதிவேடாகச் சுருங்கியது. போகாத ஏரியின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டிய பதிவேடுகள் நம் கல்லூரிகளின் மூலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். 2023இல் மானியக் குழு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, சூழல் கல்விக்கு நான்கு மதிப்பலகுகள் என்று வரையறுத்தது. களத்துக்குப் போவதை அதுவும் வற்புறுத்துகிறது. அதற்கும் வினா விடை நூல்கள் வந்துவிடும்.

3

பாடம் வந்தது போலவே பாடத்தின் பயனை அளக்கும் ஆய்வுகளும் வந்தன. கல்வியியல் துறைகளில் சுற்றுச்சூழல் மனப்பான்மை என்பது தேய்ந்த ஆய்வுத் தலைப்பு. வினாநிரல் ஒன்று தரப்படும். மரங்கள் அவசியமா, நெகிழி தீயதா, இயற்கையைக் காப்பது என் கடமையா என்ற கூற்றுகளுக்கு எதிரே, முழுமையாக ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய முறை இது. சூழலுக்கென்றே தனி அளவுகோல் ஒன்றை டன்லப், வான் லியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர் 1978இல் உருவாக்கினர். முதலில் 12 கூற்றுகளோடு இருந்த அது, 2000இல் 15 கூற்றுகளாகத் திருத்தப்பட்டு உலகெங்கும் பயன்படுகிறது. ஆண், பெண், நகரம், கிராமம், அறிவியல், கலை என்று மாணவரைப் பிரித்து, இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்ற முடிவோடு இத்தகைய ஆய்வேடு முடியும்.

இவற்றை ஏளனம் செய்வது எளிது. அளப்பதில் தவறில்லை. ஆனால் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சமூகவியல் வெகு முன்னரே கண்டுகொண்டது. ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு நாடெங்கும் பயணம் செய்தார். 250க்கும் மேற்பட்ட விடுதிகள், உணவகங்களில் ஒன்றே ஒன்றுதான் அவர்களுக்கு இடம் மறுத்தது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டபோது, விடை அனுப்பியவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்றனர். தாளில் எழுதும் மனிதரும் வாசலில் நிற்பவரை எதிர்கொள்ளும் மனிதரும் ஒருவரே அல்லர் என்பதை 1934இல் வெளியான அக்கட்டுரை காட்டியது. அங்கே தாளில் கடுமையும் நேரில் இணக்கமும் இருந்தன. சூழல் விஷயத்தில் நம் நிலை அதற்கு நேர்மாறு. தாளில் எல்லோரும் மரத்தின் தோழர்கள்.

தமிழ் மாணவருக்கு இதில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. கல்லூரி மேடையில் சூழல் பற்றிப் பேசப் புகுந்தால் ஐந்திணையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் முதல் மூன்று நிமிடங்களுக்குள் வந்துவிடுவார்கள். அதியமான் ஊர் என்றால் நெல்லிக்கனியும் சேர்ந்துகொள்ளும். சங்க இலக்கியம் நிலத்தை நுணுகி அறிந்த இலக்கியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் புலவர் தம் காலத்துச் சுனையையும் மரத்தையும் கண்ணால் கண்டு எழுதினார். அவரைக் காட்டி நம் காலத்து ஏரியைக் காணாமலிருப்பது இலக்கியப் பற்று ஆகாது.

4

இனி, எட்டாவது அலகு பாடத்திட்டமாக எழுதப்படுவதற்கு முன்பே அதைக் காலால் நடந்து எழுதிய மாணவர்களைப் பார்ப்போம்.

1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் புவிநாள் கொண்டாடப்பட்டது. வசந்த விடுமுறைக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட நாளாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது, மாணவர் திரளாக வரவேண்டும் என்பதற்காகவே. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் அதில் பங்குகொண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அது ஒருநாள் எழுச்சி. அதன் விளைவு பெரிது என்றாலும் நமக்கு இங்கே வேண்டிய உதாரணம் வேறு.

1974 மார்ச்சில் இமயமலைச் சரிவில் ரேணி என்ற கிராமத்துப் பெண்கள் கௌரா தேவியின் தலைமையில் மரங்களைக் கட்டிக்கொண்டு காட்டைக் காத்தார்கள். சிப்கோ இயக்கம் உலகறிந்த கதை. அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின் நடந்ததை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். குமாவூன், கட்வால் பகுதிகளைச் சேர்ந்த மாணவ இளைஞர் நால்வர் 1974 மே 25 அன்று, நேபாள எல்லையருகே உள்ள அஸ்கோட்டிலிருந்து புறப்பட்டு, இமாச்சல எல்லையருகே உள்ள ஆராகோட் வரை நடந்தார்கள். 45 நாள் நடை. சுந்தர்லால் பகுகுணாவின் தூண்டுதலில் தொடங்கிய பயணம் அது. கையில் பணம் வைத்துக்கொள்வதில்லை என்பது அவர்களுடைய விதி. எந்த ஊரில் பொழுது சாய்கிறதோ அந்த ஊரார் தரும் உணவை உண்டு, அங்கேயே உறங்க வேண்டும்.

இந்த விதியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பணம் இருந்தால் ஊர் வெறும் காட்சி. பணம் இல்லாவிட்டால் ஊராரோடு பேசியே ஆகவேண்டும். யார் வீட்டில் அடுப்பெரிகிறது, விறகுக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள், ஆண்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். நால்வரில் ஒருவரான சேகர் பாடக் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியரானார். சிப்கோவின் விரிவான வரலாற்றை எழுதினார். 1984, 1994, 2004, 2014, 2024 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை அந்நடை மீண்டும் மேற்கொள்ளப்பட்டு வருகிறது. ஒரே வழியை ஐம்பதாண்டு இடைவெளியில் ஆறுமுறை நடந்து பார்த்த ஆவணம் நம் பல்கலைக்கழகங்கள் எவற்றிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு நடை 1983இல் நிகழ்ந்தது. டில்லியின் ரிட்ஜ் காட்டுப் பகுதி அழிக்கப்படுவதை எதிர்த்து 1979இல் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய கல்பவிருட்சம் என்ற குழுவினரும், டில்லி இந்துக் கல்லூரியின் இயற்கை மன்றத்தினரும் நருமதையின் பள்ளத்தாக்கில் ஐம்பது நாள் பயணம் செய்தார்கள். அணைத்திட்டங்களால் மூழ்கப்போகும் ஊர்களையும் காடுகளையும் பார்த்து, மக்களிடம் கேட்டு, அறிக்கை எழுதினார்கள். 1984இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் அது வெளியாயிற்று. நருமதை பாதுகாப்பு இயக்கம் என்ற பெயர் நாடறியும் பெயராவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அத்திட்டங்களை முழுமையாகக் கேள்விக்குட்படுத்திய தொடக்கக்கால ஆவணங்களுள் ஒன்றாக மாணவர்களின் அறிக்கை அமைந்தது. அவர்கள் வினாநிரலுக்கு விடையளிக்கவில்லை. வினாவைத் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

5

தமிழ்நாட்டில் இத்தகைய மரபு இல்லாமல் இல்லை. ஜி. இராமச்சந்திரனும் டி.எஸ். சௌந்தரமும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாகவும், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. மாணவர் கிராமத்தில் தங்கிக் கற்பதை அங்கே பாடத்திட்டத்தின் உள்ளுறுப்பாகவே வைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இறுதியாண்டில் ஊரகத்தில் தங்கி உழவரோடு பழகும் பயிற்சி உண்டு.

எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக வந்தது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அது தொடங்கப்பட்டது. தன்னைவிடப் பிறரை முன்னிறுத்துவது அதன் முழக்கம். தமிழகத்தில் எத்தனையோ ஊர்களின் மண்சாலையும் பள்ளிச் சுற்றுச்சுவரும் ஏழு நாள் முகாம்களின் நினைவுச் சின்னங்கள். அம்முகாம்களில்தான் முதன்முதலாகச் சேரித் தெருவில் நடந்தேன், அங்கே சாப்பிட்டேன் என்று சொல்லும் முன்னாள் மாணவர்களை நாம் அறிவோம். அத்திட்டத்தின் பெரும் பயன் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் முகாமும் ஆணைக்கு இயங்கும் கருவியாகிவிடக் கூடும் என்பதற்குச் சீமைக் கருவேலம் நல்ல சான்று. 2017இன் தொடக்கத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளையடுத்து மாநிலமெங்கும் சீமைக் கருவேல ஒழிப்பு விரைந்து நடந்தது. பல கல்லூரிகளின் மாணவர்கள் அரிவாளும் கடப்பாரையுமாக இறங்கினார்கள். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் உயர் நீதிமன்றமே, நிபுணர் ஆய்வு வேண்டும் என்று அப்பணியை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. சீமைக் கருவேலம் நீர்நிலைகளை அடைத்துக்கொள்ளும் அயல்மரம் என்பது உண்மை. விறகுக்கும் கரிக்கும் அதையே நம்பி வறண்ட மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன என்பதும் உண்மை. வேரோடு பிடுங்காமல் வெட்டினால் மீண்டும் அடர்ந்து துளிர்க்கும் என்பதை எந்தக் கரிமூட்டக்காரரும் சொல்லியிருப்பார். அந்த மாணவர்களின் மனப்பான்மையை அன்று அளந்திருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். கரிமூட்டக்காரரிடம் கேள் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

6

இப்போது அதியமான்கோட்டைக்குத் திரும்பலாம். 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அடங்கும். இவ்வட்டாரக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் எட்டாவது அலகை இங்கே எழுத விரும்பினால் எதை எழுதலாம்?

நீரிலிருந்து தொடங்கலாம். தருமபுரி வறட்சி மாவட்டம். கேழ்வரகும் சாமையும் மானாவாரியில் விளையும் பூமி. பழைய காலத்தில் உழவைத் தாங்கியவை ஏரிகள். வரத்து வாய்க்கால், கரை, மதகு, கலிங்கு என்ற உறுப்புகளைக் கொண்ட ஓர் ஏரி, ஊராரின் கூட்டு உழைப்பு இல்லாவிட்டால் பத்தாண்டுகளில் மேடாகிவிடும். அந்த உழைப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேய அரசு 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அதிகாரம் பெற்றது. வழக்கமாக இருந்தது சட்டமானதும் வழக்கம் வலுவிழந்தது. குடிமராமத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கவும் கூடாது. கரையில் மண் சுமந்தவர் யார், பாசனம் பெற்ற நிலம் யாருடையது என்று கேட்டால் சாதியின் முகம் தெரியும். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது. ஊராரின் பங்கு எவ்வளவு மீண்டது என்பதை ஒவ்வோர் ஊரிலும் போய்க் கேட்டுத்தான் அறியவேண்டும். எட்டாவது அலகுக்கு ஏற்ற கேள்வி அது.

ஏரி தளர்ந்தபோது கிணறு ஆழமாயிற்று. கிணறு வற்றியபோது ஆழ்துளைக் குழாய் வந்தது. இங்கேதான் தருமபுரியின் துயரம் தொடங்குகிறது. இம்மாவட்டத்தின் கடும்பாறையில் புளோரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. பாறையோடு நெடுங்காலம் கலந்திருக்கும் ஆழத்து நீரில் புளோரைடு கரைந்து ஏறுகிறது; மழைநீர் இறங்கிச் செறிவைக் குறைக்காவிட்டால் மேலும் கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவம் முதல் குடிப்பவரின் பற்களில் பழுப்புக் கறை ஏறும். அளவு மேலும் கூடினால் ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பும் மூட்டும் விறைத்து முதுகு வளையும். இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததும் பழைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு 1937இல் அறிவிக்கப்பட்டது. பழுப்புப் பல்லோடு சிரிக்கக் கூசும் பிள்ளைகளைத் தருமபுரிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தின் எதிர்ப்பைக் கடந்து, ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் முடிக்கப்பட்டு, 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாயில் வந்தது. பெரிய பணிதான். ஆயினும் குழாயில் நீர் வராத நாளில் மக்கள் எந்த நீரைக் குடிக்கிறார்கள், சமையலுக்கு எந்த நீர், மாட்டுக்கு எந்த நீர் என்ற கேள்விகள் எந்தத் திட்ட அறிக்கையிலும் தீர்ந்துவிடுவதில்லை. புளோரைடைச் சோதிக்கும் எளிய பெட்டிகள் உண்டு. சிவப்புச் சாயக் கரைசலில் சில துளி நீரை விட்டால், புளோரைடு கூடக் கூட நிறம் மஞ்சளை நோக்கி மாறும். வேதியியல் தெரியாத வரலாற்று மாணவரும் இதைச் செய்யலாம். ஒரு தெருவின் எல்லாக் குழாய்களையும் கிணறுகளையும் ஆண்டுக்கு இருமுறை சோதித்து, மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எழுதிவைத்தால் போதும். அடுத்த ஆண்டு மாணவர் அதே தெருவுக்குப் போகவேண்டும். பத்தாண்டில் அந்த ஊருக்கென்று ஒரு நீர் வரலாறு கிடைத்துவிடும். முதல் ஆண்டின் பதிவேட்டைப் பார்த்து எழுதுவதற்கும், அதை வைத்துக்கொண்டு மீண்டும் போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

சாலையையும் எழுதலாம். அசோகர் காலத்தில் வழியோர மரம் ஓர் அரசரின் புகழுக்குரிய செயல். இன்று அதியமான்கோட்டையில் சேலம் நெடுஞ்சாலையும் ஓசூரை நோக்கிச் செல்லும் 844ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கின்றன. சாலைகளை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது ஓரத்துப் புளியமரம். எந்த மரங்கள் எப்போது விழுந்தன, அவற்றின் புளியை ஏலம் எடுத்து வாழ்ந்தவர் யார், ஈடாக நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால், இரண்டாம் பெரும்பாறை ஆணைக்கு ஒரு மாணவர் எழுதிய உரையாக அது இருக்கும்.

7

மாணவரின் சமூகப் பொறுப்பு பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் ஒரு திசையிலேயே விரலை நீட்டுகிறோம். மாணவரிடத்தில் சமூகத்துக்குள்ள பொறுப்பு என்ன?

2000 பிப்ரவரி 2 அன்று, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விப் பயணமாகத் தருமபுரிப் பக்கம் வந்திருந்தார்கள். நிலத்தை நேரில் கண்டு கற்க வந்த பிள்ளைகள். அன்று ஒரு வழக்கின் தீர்ப்பை எதிர்த்துக் கலவரத்தில் இறங்கிய கட்சித் தொண்டர்கள், இலக்கியம்பட்டியில் அவர்களுடைய பேருந்துக்குத் தீவைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகி இறந்தனர். அந்த இடம் அதியமான்கோட்டையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தண்டனை பெற்ற மூவரின் தூக்கு 2016இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2018இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். சட்டம் தன் வழியில் சென்று முடிந்தது. ஆனால் அதன் பிறகு எத்தனை பெற்றோர் களப்பயணத்துக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கினார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

2017 ஜூலையில் சேலத்தில், பெரியார் பல்கலைக்கழகத்தின் இதழியல் மாணவி ஒருவர் நெடுவாசல், கதிராமங்கலம் மக்களின் போராட்டத்தை ஆதரித்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். பிறகு அவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக் காவலை ரத்து செய்தது. அம்மாணவியின் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் மண்ணையும் நீரையும் காப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதைக் கட்டாயப் பாடமாக்கு என்று உச்ச நீதிமன்றம் சொல்கிறது. எழுத்துத் தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. அதையே தாளில் அச்சிட்டுத் தெருவில் கொடுத்தால் சிறை கிடைக்கும் என்றால், மற்ற மாணவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் எது? தேர்வுத் தாளிலேயே நின்றுவிடு என்பதுதான் அது. நம் இளைஞர்களின் சூழல் மனப்பான்மை சொல்லில் உயர்ந்தும் செயலில் தயங்கியும் இருக்கிறது என்று ஆய்வேடுகள் வருந்துகின்றன. அந்தத் தயக்கத்தை அவர்களுக்குக் கற்பித்ததில் நமக்கும் பங்குண்டு.

அஸ்கோட்டிலிருந்து நடந்த நால்வரை ஊர்கள் சோறு போட்டு வழியனுப்பின. அந்த நடை ஐம்பதாண்டு நீடித்ததற்கு மாணவரின் உறுதி பாதிக் காரணம். வாசலைத் திறந்த ஊர்கள் மறுபாதி. எட்டாவது அலகு உயிர்பெற வேண்டுமானால் ஐந்து மணி நேரம் போதாது, 25 மதிப்பெண்ணும் போதாது. சோதனைப் பெட்டியோடு தெருவில் வந்து நிற்கும் மாணவியை, நீ யார், யார் அனுப்பினார்கள் என்று அதட்டாமல், திண்ணையில் உட்காரவைத்துத் தம் வீட்டுக் குழாய் நீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து தரும் ஊர் வேண்டும். அவள் எழுதிக் கொண்டுவரும் எண் அதிகாரிகளுக்கு உவப்பில்லாததாக இருந்தாலும் அதை வாங்கிப் படிக்கும் துறைத்தலைவர் வேண்டும். அசோகரின் ஆணை சத்தியபுத்திரர் நாட்டில் எவ்வளவு நிறைவேறியது என்பதை இனி யாரும் அறிய வழியில்லை. அன்று போய்ப் பார்த்து எழுதிவைத்தவர் எவரும் இல்லை. இன்றைய ஆணைகளுக்கும் அந்தக் கதி நேராமலிருக்க, அதியமான்கோட்டையின் ஒரு தெருவுக்காவது ஆண்டுதோறும் ஒரு மாணவர் போய்வர வேண்டும்.